கழிச்சல் இல்லாத குடற்புழு நோய்: இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு கொடி ஆட்டு மந்தை

மந்தையும் இடமும்

திருப்புல்லாணிக்கும் கீழக்கரைக்கும் இடையில், கடலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில் இந்த மந்தை இருக்கிறது. உரிமையாளர் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி. 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டத்தில் கிடைத்த நான்கு உருப்படிகளிலிருந்து தொடங்கி, விற்றதும் செத்ததும் போக, இன்று முப்பதுக்கும் சற்று மேற்பட்ட வெள்ளாடுகளை வைத்திருக்கிறார். பெரும்பாலானவை கொடி ஆடுகள். வெள்ளை உடம்பில் கருமையோ செம்மையோ தெளித்துவிட்டது போன்ற நிறமும் நீண்ட கால்களும் கொண்ட இவ்வினம் தூத்துக்குடி, இராமநாதபுரம் பகுதிகளுக்கு உரியது. பின்னங்கால்களில் எழுந்து நின்று கிளையை வளைத்துத் தழை தின்பதற்கென்றே அமைந்த உடல்வாகு அதற்கு உண்டு. இந்த நோய்க்கதையில் அந்த உடல்வாகுக்கு ஒரு பங்கு இருப்பதால் அதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்து முடிந்துவிடும். தை பிறந்த பிறகு வானம் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கும். ஆகவே, உப்புக்காற்றும் வெயிலும் அடிக்கும் இந்த மண்ணில் வயிற்றுப்பூச்சி நிற்காது என்ற நம்பிக்கை ஆடு வளர்ப்போரிடம் பரவலாக இருக்கிறது. கோடை மாதங்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். மழை மாதங்களுக்குச் சற்றும் பொருந்தாது.

காரணம் மழை மட்டுமன்று. இங்கு நெல் பெரும்பாலும் மானாவாரியாக, ஆவணி, புரட்டாசியில் புழுதியில் நேரடியாக விதைக்கப்பட்டுத் தையில் அறுவடையாகிறது. அறுப்பு முடிந்து ஆடி வரையில் வயல், தரிசு, கருவைக் காடு என்று எங்கும் சுற்றித் தழையும் நெற்றும் தின்று வளரும் ஆடுகளை, விதைத்த நாள் முதல் அவிழ்த்துவிட முடியாது. பயிரில் வாய் வைத்துவிட்டால் ஊரில் தகராறு வரும். எனவே கண்மாய்க் கரை, ஊரணியின் ஓரம், வரப்பை ஒட்டிய புல் ஆகியவற்றோடு மேய்ச்சல் சுருங்கிவிடுகிறது. ஆண்டிலேயே நிலம் மிக ஈரமாக இருக்கும் காலத்தில், ஊரின் அத்தனை மந்தைகளும் அதே குறுகிய பச்சைப் பட்டைக்குள் நாள்தோறும் புழுக்கை போட்டு, அங்கேயே குனிந்து மேய்கின்றன. மேலே எட்டித் தழை தின்ன வேண்டிய ஆட்டை மண்ணோடு ஒட்டிய புல்லுக்கு இறக்கிவிடும் இந்த நெருக்கடிதான் நோயின் வேர் என்று நான் கருதுகிறேன். மருந்தைப் பற்றிய எல்லாப் பேச்சும் இதற்குப் பிறகே வர வேண்டும்.

வந்த புகார்

கார்த்திகை முடியும் தறுவாயில், குட்டி ஈன்ற பெட்டைகள் இரண்டு அடுத்தடுத்து இறந்து, மூன்றாவது ஒன்று எழ முடியாமல் கிடந்தபோது எனக்குத் தகவல் வந்தது. ஆட்டுக்கொல்லி நோய் வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. ஆனால் அந்நோய்க்கு உரிய காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் வடியும் சளி, வாய்ப்புண், நாற்றமெடுத்த கழிச்சல் எதுவும் வளர்ந்த ஆடு எதிலும் இல்லை; தடுப்பூசியும் போடப்பட்டிருந்தது. உரிமையாளர் தாமாகக் கவனித்துச் சொன்ன ஒரு செய்திதான் நோயின் திசையைக் காட்டியது. இறந்த ஆடுகளுக்குச் சாயங்காலம் மேய்ந்து திரும்பும்போது கீழ்த்தாடைக்கு அடியில் பை போல வீங்கியிருந்ததாகவும், விடிந்து பார்த்தால் வீக்கம் வடிந்திருந்ததாகவும் அவர் கூறினார். இரத்தத்தில் புரதம் குறையும்போது, பகல் முழுவதும் தலை தாழ்த்தி மேயும் ஆட்டின் தாடையில் நீர் கோர்க்கிறது; இரவில் தலை நிமிர்ந்து படுத்திருக்கையில் அது வடிகிறது.

பூச்சி மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டபோது, ஆவணியில் ஒரு முறையும் மூன்று வாரத்துக்கு முன் ஒரு முறையும் எல்லா ஆட்டுக்கும் கொடுத்ததாகச் சொன்னார். பிறகு அவரே கேட்டார்: "ஒரு ஆடும் கழியலயே சார். புழுக்கை உருண்டையாத்தான் போடுது. அப்புறம் எப்படிப் பூச்சின்னு சொல்றீங்க?"

இந்தக் கேள்வி நியாயமானது. குடற்புழு என்றால் கழிச்சல் என்றுதான் எங்கும் சொல்லப்பட்டு வருகிறது. டிரைக்கோஸ்டிராங்கைலஸ் போன்ற சிறுகுடற் புழுக்களும், பெருங்குடலில் கணு கணுவாகக் கட்டி உண்டாக்கும் ஈசோபாகோஸ்டோமமும் கழிச்சலைத் தருவது உண்மை. ஆனால் வெப்ப நாடுகளில் வெள்ளாட்டை மிகுதியாகக் கொல்லும் ஹீமாங்கஸ் கன்டார்டஸ் குடலிலேயே வசிப்பதில்லை. அது நான்காம் இரைப்பையின் சுவரில் ஒட்டி இரத்தம் குடிக்கிறது. குடல் கெடாததால் புழுக்கை கெட்டியாகவே விழுகிறது. கழிச்சலுக்காகக் காத்திருப்பவர் ஆடு சாகும்வரை காத்திருக்க நேரும்.

பரிசோதனை

படுத்திருந்த பெட்டையின் உடல் வெப்பம் இயல்பாக இருந்தது. மூச்சு வேகம் கூடியிருந்தது. இதயத் துடிப்பு விலாவின் மேல் கை வைத்தாலே தெரியும்படி அடித்தது. மேல் இமையைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தபோது, உட்சவ்வு அவித்த முட்டையின் வெள்ளைக்கரு நிறத்தில் இருந்தது. ஓர் இரத்த நரம்புகூடக் கண்ணுக்குப் படவில்லை.

அதன்பின் மந்தை முழுவதையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, வெயிலில் நிறுத்தி, இமை பார்த்தோம். இதற்கு 1990களில் தென்னாப்பிரிக்காவில் உருவாக்கப்பட்ட ஃபமாச்சா வண்ண அட்டை உதவுகிறது. நல்ல சிவப்பு முதல் வெளுப்பு வரை ஐந்து படிகளாக நிறம் அச்சிடப்பட்டிருக்கும். முதல் படியில் உள்ள ஆட்டின் இரத்தத்தில் சிவப்பணுக்களின் கன அளவு 28 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருக்கும். ஐந்தாம் படியில் அது 12 விழுக்காடு அல்லது அதற்கும் கீழே போயிருக்கும். இந்தக் கடற்கரையில் அட்டையைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: காற்றோடு மணலும் புழுதியும் வீசும் நாள்களில் கண் உறுத்திச் சிவந்திருக்கும், சோகை பிடித்த ஆடும் அப்போது நலமாக இருப்பது போலத் தோன்றும். இரண்டு கண்களையும் பார்த்து, அவற்றில் வெளுப்பு மிகுந்ததையே கணக்கில் எடுக்க வேண்டும். உண்ணியும் பேனும் அளவு மீறினால்கூட இமை வெளுக்கும் என்பதால் காது மடலையும் தொடை இடுக்கையும் தடவிப் பார்த்தோம். குறிப்பிடும்படியாக எதுவும் இல்லை.

மந்தையில் ஏறக்குறைய பாதி ஆடுகள் முதல் இரண்டு படிகளில் நல்ல சிவப்போடு இருந்தன. கால்பங்கு, நான்கிலும் ஐந்திலும் இருந்தது. அவற்றில் மிகுதியும் பால் கொடுக்கும் தாய்கள். மற்றவை சென்ற ஆண்டுப் பிறந்த இளம் பெட்டைகள். ஈற்றையொட்டிய வாரங்களில் தாயின் எதிர்ப்பாற்றல் தளர்ந்து புழுக்கள் பெருகுவதும், அதே வேளையில் அவள் சாணத்தில் முட்டை கூடுதலாக விழுவதும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. ஒரே கரையில் ஒரே புல்லைத் தின்ற மந்தையில் பாதிக்கு ஒன்றும் இல்லை, கால்பங்கு சாகக் கிடக்கிறது என்பதை உரிமையாளர் நம்ப முடியாமல் பார்த்தார். புழுச்சுமை எப்போதும் சில ஆடுகளின் மீதுதான் குவிகிறது. சிகிச்சையின் திட்டம் முழுவதும் இந்த உண்மையின் மீதே அமைந்தது.

படுத்திருந்த பெட்டை மறுநாள் காலை இறந்தது. உரிமையாளர் இசைந்ததால் அறுத்துப் பார்த்தோம். இரத்தம் நீர்த்து, துணியில் பட்டால் கறை பிடிக்காத அளவுக்கு வெளிறியிருந்தது. நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் நீர் தேங்கியிருந்தது. நான்காம் இரைப்பையைக் கீறித் திறந்தபோது உள்ளே பழுப்பு நிறக் குழம்பு. அதன் அடியில், மடிப்புகளின் மேல், இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய புழுக்கள் கற்றை கற்றையாக நெளிந்தன. ஒன்றை எடுத்து வெள்ளைத் தட்டில் நீர்விட்டுக் காட்டினேன். இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெண்ணிற முட்டைக் குழல் முறுக்கிக்கொண்டு செல்வதை அவர் தம் கண்ணாலேயே கண்டார். புழுக்கை உருண்டையாக இருப்பது பற்றி அதன்பின் அவர் கேட்கவில்லை.

ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லி இரத்தத்தை ஆட்டுக்கு இழப்பாக்குகிறது. இரண்டாயிரம் புழுக்கள் இருந்தால் நாளுக்கு 100 மில்லி. இருபது கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் மொத்தமே ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான இரத்தம்தான் உண்டு. பால் கொடுத்துக்கொண்டே இந்த இழப்பை ஈடுசெய்ய எந்தத் தாயாலும் நெடுநாள் இயலாது.

சாணப் பரிசோதனை

வெளுப்பு மிகுந்த ஆடுகளிடமிருந்தும், ஒப்பிடுவதற்காகச் சிவந்த இமை கொண்ட சிலவற்றிடமிருந்தும் ஆசனவாயிலிருந்தே நேரடியாகப் புழுக்கை எடுக்கப்பட்டது. தரையில் கிடப்பதை எடுத்தால் மண்ணில் வாழும் புழுக்களும் கலந்துவிடும். முட்டையை மிதக்கவைக்கும் நிறைவுற்ற உப்புக் கரைசலை, ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 360 கிராம் என்ற அளவில் சாதாரண உப்பைக் கொண்டே தயாரிக்கலாம். வாலிநோக்கம் உப்பளம் இருக்கும் மாவட்டத்தில் இதற்குப் பஞ்சமில்லை. முட்டை எண்ணுவதற்கென்றே இரண்டு கட்டங்கள் கொண்ட மக்மாஸ்டர் சில்லில், இரண்டு கிராம் சாணத்தை 28 மில்லி கரைசலில் கலந்து எண்ணும் முறையில், இரு கட்டங்களிலும் சேர்த்துக் காணும் ஒவ்வொரு முட்டையும் கிராமுக்கு 50 முட்டைக்குச் சமம். நான்காம், ஐந்தாம் படி ஆடுகளில் எண்ணிக்கை கிராமுக்குப் பல ஆயிரமாக இருந்தது. சிவந்த இமை கொண்டவற்றில் சில நூறுகளைத் தாண்டவில்லை.

உருண்டைப் புழுக்களின் முட்டைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், முட்டையைப் பார்த்து ஹீமாங்கஸ் என்று அறுதியிட முடியாது. எனவே சாணத்தை ஒரு வாரம் ஈரத்தோடு வைத்து, முட்டையிலிருந்து வெளிவரும் லார்வாக்கள் என்னும் இளம்புழுக்களை வளர்த்துப் பார்த்தோம். மிகப் பெரும்பான்மை ஹீமாங்கஸ், சிறுபங்கு டிரைக்கோஸ்டிராங்கைலஸ். அறுவைப் பரிசோதனையில் கண்டதோடு இது ஒத்துப்போனது.

ஒரு ஆட்டின் புழுக்கையில் அரிசி போன்ற வெள்ளைத் துண்டுகள் காணப்பட்டன. அவை மோனீசியா என்னும் நாடாப்புழுவின் கணுக்கள். கண்ணுக்குத் தெரிவதால் வளர்ப்போரை அதிகம் கலங்கவைப்பது இதுதான். வளர்ந்த ஆட்டுக்கு இதனால் பெரும் கேடில்லை. ஆறு வார வயதுள்ள இரண்டு குட்டிகளுக்கு மட்டும் உண்மையிலேயே கழிச்சல் இருந்தது. அவற்றின் சாணத்தில் ஐமீரியா என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியின் உறைகள் மிகுதியாக இருந்தன. இது இரத்தக் கழிச்சல் வகை நோய். எந்தப் புழு மருந்துக்கும் கட்டுப்படாது. குட்டிகளுக்கு சல்ஃபா மருந்து தொடர்ந்து சில நாள் கொடுக்கப்பட்டது. கொட்டகையின் ஈரத்தரையை மாற்றாமல் இந்நோய் நிற்காது என்பதும் சொல்லப்பட்டது.

கொடுத்த மருந்து ஏன் கேட்கவில்லை

மூன்று வாரத்துக்கு முன் கொடுத்தது 2.5 விழுக்காட்டு ஆல்பென்டசோல் கரைசல். குட்டியானாலும் தாயானாலும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக ஐந்து மில்லி ஊற்றப்பட்டிருந்தது. புட்டியில் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் ஒரே அளவு அச்சிடப்பட்டிருப்பது வழக்கம். ஆனால் வெள்ளாட்டின் ஈரல் இம்மருந்தை விரைவாகச் சிதைத்து வெளியேற்றுவதால், செம்மறிக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் போதுமானால் வெள்ளாட்டுக்கு அதைப்போல் இரு மடங்கு தேவை. 35 கிலோ எடையுள்ள பெட்டைக்கு 14 மில்லி வேண்டிய இடத்தில் ஐந்து மில்லி போயிருக்கிறது. குறை அளவில் மருந்து கண்ட புழுக்களில் வலுவானவை பிழைத்து இனம் பெருக்குகின்றன. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஐயாயிரம் முட்டைக்கு மேல் இடுகிறது. வயிற்றுக்குள் சென்ற லார்வா மூன்றே வாரத்தில் முட்டையிடத் தொடங்குகிறது. இவ்வளவு விரைவாகத் தலைமுறை மாறும் உயிரில் தேர்வும் விரைவாகவே நடக்கும். ஆல்பென்டசோல் சேர்ந்துள்ள பென்சிமிடசோல் வகையின் முதல் மருந்தான தயாபென்டசோல் 1961இல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அதை எதிர்த்து நிற்கும் ஹீமாங்கஸ் அறியப்பட்டுவிட்டது.

குறை அளவுதான் காரணமா, மருந்தை எதிர்க்கும் திறன் புழுக்களில் ஏற்கெனவே வேரூன்றிவிட்டதா என்பதை ஊகத்துக்கு விடாமல் சோதித்தோம். மூன்றாம் படியில் இருந்த, உயிருக்கு ஆபத்தில்லாத ஆடுகளைத் தொங்கு தராசில் எடை போட்டு, சரியான அளவில் ஆல்பென்டசோல் கொடுத்து, அன்றும் இரு வாரம் கழித்தும் முட்டை எண்ணினோம். மருந்து வேலை செய்தால் எண்ணிக்கை 95 விழுக்காட்டுக்கும் மேல் குறைய வேண்டும். இங்கு பாதிகூடக் குறையவில்லை. ஆகவே இந்த மந்தைக்கு ஆல்பென்டசோல் மட்டுமன்றி, அதே வழியில் செயல்படும் ஃபென்பென்டசோலும் இனிப் பயன்படாது. மருந்துக்கடையில் வேறு பெயரும் வேறு நிறமும் கொண்ட புட்டியை மாற்றி வாங்குவதால் ஒன்றும் மாறாது.

இவ்விடத்தில் என் கருத்தைத் தயங்காமல் பதிவு செய்கிறேன். மழைக்கு முன் ஆவணியில் மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றும் வழக்கம், இப்பகுதியைப் பொறுத்தவரை எதிர்ப்புத்திறனை வளர்க்கும் வழக்கமாகவே முடிகிறது. ஆவணியில் தரை காய்ந்து, மேய்ச்சல் நிலத்து லார்வாக்கள் வெந்து அழிந்திருக்கும். ஊரில் எஞ்சியிருக்கும் ஹீமாங்கஸ் எல்லாம் ஆடுகளின் வயிற்றுக்குள் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும். அந்நேரத்தில் எல்லா ஆட்டுக்கும் மருந்து கொடுத்தால் பிழைப்பவை மருந்தை வென்ற புழுக்கள் மட்டுமே. முதல் மழைக்குப் பின் தரையில் விழும் முட்டைகளும் அவற்றின் முட்டைகளாகவே இருக்கும். அவற்றோடு கலந்து எதிர்ப்புத்திறனை நீர்க்கச் செய்ய, மருந்துக்குப் பணியும் புழு ஒன்றுகூட வெளியில் இராது. மழைக்கு முன் சுமையைக் குறைப்பதால் நன்மை உண்டு என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. அந்த நன்மையை மெலிந்த ஆடுகளுக்கும் சினை முற்றியவற்றுக்கும் மட்டும் மருந்து கொடுத்தே பெற்றுவிடலாம்.

சிகிச்சை

நான்கு, ஐந்தாம் படி ஆடுகளுக்கு, இரத்தம் குடிக்கும் புழுக்களின் மீது நன்கு செயல்படும் குளோசன்டல், கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற அளவில், ஒவ்வொன்றையும் எடை போட்ட பிறகே கொடுக்கப்பட்டது. அளவு மீறினால் ஆட்டின் பார்வை போய்விடும் என்பதால் இம்மருந்தில் கண்மதிப்பு கூடவே கூடாது. ஆல்பென்டசோல் பலிக்காத மூன்றாம் படி ஆடுகளுக்குப் பின்னர் லெவமிசோல், கிலோவுக்கு 12 மில்லிகிராம் கொடுக்கப்பட்டது. இதிலும் பாதுகாப்பு எல்லை குறுகியது, மிகுந்தால் எச்சில் வடிந்து உடல் நடுங்கும். சிவந்த இமை கொண்ட ஆடுகளுக்கு எந்த மருந்தும் கொடுக்கவில்லை. உரிமையாளருக்கு இதை ஏற்பதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. காசு கொடுத்து வாங்கிய மருந்து புட்டியில் மீதமிருக்கப் பாதி ஆட்டை விட்டுவிடுவதா என்று கேட்டார். நலமாக இருக்கும் ஆடுகளின் வயிற்றில் உள்ள பழைய புழுக்கள் கண்மாய்க் கரையில் முட்டையிட்டுக்கொண்டிருந்தால்தான் இன்று கொடுக்கும் மருந்து அடுத்த ஆண்டும் வேலை செய்யும் என்பதை, தட்டில் கிடந்த புழுக்களைக் காட்டியே விளக்க வேண்டியிருந்தது.

வெளுத்த ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டவில்லை. கடும் சோகை பிடித்த ஆட்டைத் துரத்திப் பிடிப்பதேகூட அதன் உயிரைப் பறிக்கும். கொட்டகையிலேயே நீரும் தீவனமும் வாய்க்கு எட்டும்படி வைக்கப்பட்டன. அகத்தியும் சூபாபுல் தழையும் கடலைப் பிண்ணாக்கும் கொடுக்கப்பட்டன. இரும்புச்சத்து மருந்து ஒருபுறம் இருக்க, புரதம் இல்லாமல் புதிய இரத்தம் ஊறாது. ஐந்தாம் படியில் இருந்த ஒரு பெட்டை சிகிச்சை தொடங்கிய பிறகும் இறந்தது. மற்றவற்றின் தாடை வீக்கம் ஒரு வாரத்துக்குள் வடிந்தது. இமையில் இளஞ்சிவப்பு திரும்பி வரக் கூடுதல் நாள் பிடித்தது. இரு வாரம் கழித்து எண்ணியபோது குளோசன்டல் பெற்றவற்றில் பெரும்பாலானவற்றின் சாணத்தில் முட்டை காணப்படவில்லை. மருந்து கொடுத்த ஆடுகளை, புட்டியில் குறித்துள்ள காலம் முடியும்வரை கறிக்கு விற்கக் கூடாது என்றும் எழுதிக் கொடுக்கப்பட்டது.

மேய்ச்சலிலும் கொட்டகையிலும் செய்த மாற்றங்கள்

நோய் பரப்பும் மூன்றாம் நிலை லார்வா, மழை மாதங்களில் ஒரு வாரத்துக்குள் உருவாகிவிடுகிறது. புல்லின் மேலுள்ள பனியீரத்தில் நீந்தி ஏறினாலும், பெரும்பாலும் தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குள்தான் தங்குகிறது. எனவே காலை ஏழு மணிக்கே கண்மாய்க் கரைக்கு ஓட்டும் பழக்கத்தை மாற்றி, ஈரம் உலர்ந்த பிறகு பத்து மணியளவில் அவிழ்ப்பது என்று முடிவானது. அதுவரை, உடைமரம், கருவேலம், வேம்பு, பூவரசு ஆகியவற்றின் கிளைகளை வெட்டி ஆட்டின் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிடச் சொன்னேன். கொடி ஆட்டுக்கு அதுவே இயல்பான உணவு. அந்த உயரத்தில் லார்வா இராது. உடை, கருவேலத் தழைகளில் உள்ள துவர்ப்புச் சத்து புழுவின் முட்டை உற்பத்தியை ஓரளவு குறைப்பதும் ஆய்வுகளில் கண்டறியப்பட்டதே. சீமைக்கருவை நெற்றைக் கோடையில் சேர்த்து உலர்த்தி வைத்தால் மழைக்காலத்தில் உதவும்; ஆயினும் அதையே முழு உணவாக்கக் கூடாது.

குட்டிகளின் பகுதியில் மட்டும், பனஞ்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்துத் தரையிலிருந்து உயர்த்திய பரண் போடப்பட்டது. முழுக் கொட்டகைக்கும் போடும் வசதி அவருக்கு இல்லை. மற்ற இடத்தில் காய்ந்த மணல் பரப்பி, நனைந்ததை அள்ளி மாற்றுகிறார். குடிநீர் ஊரணி ஓரத்தில் காட்டப்படாமல் தொட்டியில் வைக்கப்படுகிறது.

மாசிக்குப் பின் கண்மாய் வற்றும்போது வேறொரு ஆபத்து வரும் என்பதும் அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது. நீர் பின்வாங்கிய சேற்று ஓரத்தில் நத்தைகளிலிருந்து வெளிவந்த, ஆம்பிஸ்டோம் என்னும் தட்டைப்புழுவின் லார்வாக்கள் பச்சைப் புல்லில் ஒட்டிக் கிடக்கும். அவற்றின் இளம்புழுக்கள் சிறுகுடலைத் துளைத்து, நாற்றமெடுத்த நீர்க்கழிச்சலை உண்டாக்கும். அதற்கு ஆக்ஸிகுளோசனைடு வேண்டும். குளோசன்டலை நம்பியிருக்க முடியாது.

மழை முடியும்வரை இரு வாரத்துக்கு ஒரு முறை இமை பார்ப்பதை உரிமையாளரே கற்றுக்கொண்டார். வெளுத்த ஆட்டின் பெயரையும் நாளையும் அவருடைய மகள் பள்ளி நோட்டு ஒன்றில் எழுதி வைக்கிறார். ஒரே பருவத்தில் மூன்று முறை அந்த நோட்டில் ஏறிய இரண்டு பெட்டைகளை, மருந்துக் கெடு கழிந்ததும் விற்றுவிட முடிவு செய்திருக்கிறார். அவற்றில் ஒன்று நல்ல பால் மடி கொண்டது என்பதால் வீட்டில் எதிர்ப்பு இருந்தது. ஆயினும் புழுவுக்கு எளிதில் இடம்கொடுக்கும் தன்மை குட்டிகளுக்கும் இறங்குவதால் நான் அம்முடிவை ஆதரித்தேன்.

இனித் தீர வேண்டியது கண்மாய்க் கரையின் சிக்கல். அதே கரையில் மேலும் சில மந்தைகள் மேய்கின்றன. ஆல்பென்டசோலுக்கு அடங்காத புழு ஒரு மந்தையோடு நின்றிராது. அவர்களும் அதே வெள்ளை மருந்தை அதே ஐந்து மில்லி அளவில்தான் ஊற்றி வந்திருக்கிறார்கள். பக்கத்து இரு மந்தைகளின் உரிமையாளர்கள் சாணம் கொடுக்க இசைந்துள்ளனர். மருந்துக்கு முன்னும் பின்னும் அவற்றின் முட்டை எண்ணிக்கையைப் பார்த்த பிறகே, இந்தக் கரையில் மேயும் மந்தைகள் அனைத்துக்கும் எந்த மருந்து, எந்த அளவில், எந்த ஆடுகளுக்கு என்பதை ஒன்றாக முடிவு செய்ய வேண்டும். அதுவரை சந்தையிலிருந்து வாங்கி வரும் எந்த ஆட்டையும் தனியே கட்டி, மருந்து கொடுத்து, சாணம் பார்த்த பிறகே மந்தையில் சேர்ப்பது என்று மூவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.